குளத்துக்காரர் காட்டும் காகிதம்



தேஹு ரோடிலிருந்து புனேக்குச் செல்லும் லோக்கல் வண்டியில் ஆகுர்டி, சிஞ்ச்வட், பிம்ப்ரி ஆகியவற்றைக் கடந்ததும் நான்காவதாக வரும் நிலையம் காசர்வாடி. அவ்வூரின் மாநகராட்சி நீச்சல் குளத்தில் 2023 அக்டோபரில் ஒரு நாள் காலை குளோரின் வாயு கசிந்து, ஏறக்குறைய இருபது பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அச்செய்தியை வண்டியில் அமர்ந்தே படித்தோம். நல்ல வேளை, நம் பிள்ளைகள் அங்கே போவதில்லை என்று எண்ணி அடுத்த செய்திக்குச் சென்றோம். அது எத்துணைப் பேதைமை என்பது பின்னர் விளங்கிற்று.

படைக்கலக் கிடங்கு வேலைக்கும் ரெயில்வே வேலைக்குமாக இங்கு வந்து சேர்ந்த நம் பெரியவர்கள் காலத்தில் நீச்சல் குளம் என்ற பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. இன்றோ பிள்ளைகள் வங்கியில் கடன் வாங்கிக் கிவளே, ராவேத் பக்கங்களில் அடுக்ககங்களில் குடியேறுகின்றனர். பல அடுக்ககங்களில் ஒரு குளம் உண்டு. கட்டிய பில்டர் சில ஆண்டுகளில் குளத்துச் சாவியைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறார். அப்போது, "இவர் ரெயில்வே குமாஸ்தா, கணக்கு நேராக இருக்கும்" என்று சொல்லிப் பொருளாளர் பதவியை நம்மவர் தலையில் கட்டுகின்றனர். நம் தலையிலும் அவ்வாறே கட்டினர்.

குளத்தைப் பராமரிக்க ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். மற்ற இருவரைவிடக் குறைந்த தொகை கேட்டார். "லைசென்ஸ் உண்டா?" என்று கேட்டோம். அரசு முத்திரை பொறித்து, பளபளவென்று பிளாஸ்டிக் உறையிட்ட காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மராத்தியில் இருந்தது. முத்திரையைக் கண்டதே போதுமென்று நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டோம். அவரே குளத்தினுள் இருந்த விளக்கையும் பழுது பார்த்துக் கொடுத்தார். அதற்கும் பணம் கொடுத்தோம்.

கோடை விடுமுறையில் ஒரு மாலை, எதிர்வீட்டுச் சிறுமி ஈரத் தலையுடன் வந்து, "மாமா, குளத்து ஏணியைத் தொட்டா கடிக்குது" என்றாள். எறும்பு கடித்திருக்கும் என்று சிரித்தோம். மறுநாள் அவள் தம்பியும் அதையே சொன்னான். அப்போதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது. ஓடிச் சென்று குளத்து மெயின் சுவிட்சை அணைத்தோம். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து திறந்து பார்த்தார். நீருக்குள் இருக்கும் விளக்கிற்கு 12 வோல்ட்டுக்கு மேல் செல்லலாகாது. அங்கோ 230 வோல்ட் மின்சாரம் நேரே சென்றுகொண்டிருந்தது. கசிவு நேர்ந்தால் மின்சாரத்தை அக்கணமே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, அடிக்கடி விழுகிறது என்பதற்காக இணைப்பினின்று விலக்கப்பட்டிருந்தது. நாம் எறும்பு என்று கழித்த அந்த ஒரு நாளை இன்றும் நினைக்க முடியவில்லை.

பெங்களூரில் வர்த்தூர் அருகே ஓர் அடுக்ககத்தில் 2023 டிசம்பரில் ஒரு சிறுமி குளத்தருகே மாண்டாள். மின்சாரம் தாக்கியதே காரணம் என்று பின்னர் தெரிந்து, 2024-இல் குடியிருப்போர் சங்கத் தலைவரும் பராமரிப்பில் தொடர்புடையோரும் கைது செய்யப்பட்டனர். கையொப்பமிடும் நம்மவர் இதனை ஒரு முறை ஊன்றிப் படிக்க வேண்டும்.

நிற்க. நம் கோப்பில் இருந்த காகிதத்தை மராத்தி நன்கறிந்த நண்பரிடம் காட்டினோம். அது 'குமாஸ்தா லைசென்ஸ்' என்று மகாராஷ்டிரத்தில் வழங்கும் கடைப் பதிவுச் சான்று. குமாஸ்தாவாகிய நமக்கே குமாஸ்தா லைசென்ஸ் என்னவென்று தெரியாமற் போயிற்று! இந்தப் பெயரில் ஒரு கடையோ நிறுவனமோ உண்டு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. 2017-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி சிலரை மட்டுமே வேலைக்கு வைத்திருக்கும் சிறு நிறுவனத்தார் தகவல் கொடுத்தாலே போதும். அக்காகிதத்தில் தொழில் என்ற இடத்தில் சில்லறைப் பொருள் விற்பனை என்று எழுதியிருந்தது. குளம் என்ற சொல்லே இல்லை.

உண்மை யாதெனில், குளத்துப் பராமரிப்புக்கென்று தனியாக ஓர் உரிமம் நம் நாட்டில் வழக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் குளம் கட்டுபவருக்குச் சி-53 என்றும், பராமரிப்பவருக்கு டி-35 என்றும் தனித்தனி உரிம வகைகள் உண்டு. எண்ணைக் கொடுத்தால் அம்மாநில வாரியத்தின் இணையப் பக்கத்தில் எவரும் சரிபார்க்கலாம். அங்குள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கும் "லைசென்ஸ் உண்டா?" என்று பொதுப்படக் கேட்டால், எந்தக் காகிதமும் விடையாகிவிடும். எந்த வேலைக்கு எந்த உரிமம் என்று பிரித்துக் கேட்பதே முறை.

மின் வேலைக்கு உரிமம் கட்டாயம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளின்படி, விளக்கு மாற்றுதல் போன்ற சிறு வேலைகள் நீங்கலாக, மின் அமைப்பு வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரைக் கொண்டு செய்தல் வேண்டும். உரிமத்தில் எண்ணும் முடியும் தேதியும் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். ரெயில்வேயில் ஒரு பாஸ் மீது ஐயம் எழுந்தால் அதைக் கொண்டுவந்தவரிடமே திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. கொடுத்த அலுவலகத்தையே கேட்கிறோம். இத்தனை ஆண்டு அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தும் வீட்டு வாசலில் அதை மறந்தோம்.

ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால் அதையும் பாருங்கள். பதினைந்து எழுத்தும் எண்ணுமாக இருக்கும். மகாராஷ்டிரத்தில் பதிந்ததாயின் 27 என்று தொடங்கும். அடுத்த பத்து இடங்கள் பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இட்டால் எவர் பெயரில் உள்ளது, நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். ஆண்டு வரவு 20 லட்சத்திற்கு உட்பட்ட சேவைத் தொழிலுக்குப் பொதுவாக அப்பதிவு தேவையில்லை. ஆதலால் எண் இல்லாத சிறு தொழிலாளியைப் பொய்யர் என்று விரட்டிவிடுதல் நியாயமன்று. பொய் எண் காட்டுபவரையே விலக்க வேண்டும்.

ஆளைத் தேடும் வகையைச் சொல்கிறோம். விளம்பரத்தை விட, அருகிலுள்ள அடுக்ககங்களின் காரியதரிசிகளே நல்ல வழிகாட்டிகள். ஓராண்டாவது அவர் வேலை செய்த இரண்டு இடங்களைக் கேளுங்கள். அவர் விட்டுவந்த ஓர் இடத்தையும் கேளுங்கள். அங்கேதான் உண்மை கிடைக்கும். காலை ஏழு மணிக்குச் சொல்லாமற் சென்று அக்குளத்தின் நீரைப் பாருங்கள். அடித்தரை தெளிவாகத் தெரியாவிடில் திரும்பி வந்துவிடலாம். பிறகு அவரை நம் குளத்திற்கு அழைத்து, நம் கண்ணெதிரே நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்குப்படி குளோரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது, பி.எச். அளவு 7.0-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். துளி மருந்தை விட்டு நிறத்தை ஒப்பிட்டு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்லத் திணறுபவர் நாள்தோறும் சோதிப்பவர் அல்லர்.

அமிலத்தையும் குளோரின் தூளையும் எங்கே வைப்பீர் என்றும் கேளுங்கள். "ஒரே அறையில், அருகருகே" என்று விடை வந்தால் அவர் வேண்டாம். இரண்டும் கலந்தால் நச்சு வாயு எழும். அந்த அறைக்குள் முதலில் நுழைபவன் ஒப்பந்தக்காரன் அல்லன். மாதச் சம்பளத்திற்கு வாளியைத் தூக்கும் இளைஞன். அவ்வேலையில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கின்றனர். கையுறையும் கண்ணாடியும் யார் வாங்கித் தருவது, அவனுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். நாம் இரண்டாவது முறை போட்ட ஒப்பந்தத்தில் அதற்காக மாதத் தொகை சற்று உயர்ந்தது. கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். எதிர்வீட்டுச் சிறுமியின் தகப்பனார் எழுந்து நின்றதும் பேச்சு அடங்கிற்று.

குளம் இப்போது நீரின்றிக் கிடக்கிறது. புதிய ஒப்பந்தக்காரரின் மின் உரிமத்தைப் பற்றி அலுவலகத்திலிருந்து விடை வந்தபின்னரே நீர் நிரப்புவது என்று தீர்மானமாயிற்று. அச்சிறுமி நம்மைப் படிக்கட்டில் காணுந்தோறும், "மாமா, கடிதம் வந்துருச்சா?" என்று கேட்கிறாள். இன்னும் வரவில்லை.

மராத்தியில் உள்ள சான்றுகளைப் படிக்க இயலாத அன்பர்கள் நகலுடன் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்திற்கு வரலாம். நம் நண்பர் படித்துச் சொல்ல இசைந்துள்ளார்.