தனுஷ்கோடிச் சுவர்கள் யாருடையவை?

தனுஷ்கோடிக்குப் போவோர் பலர். படம் பிடித்துத் திரும்புவோர் பலர். மணலில் நிற்கும் அந்த மொட்டைச் சுவர்கள் யாருடையவை என்று கேட்போர் எத்தனை பேர்? புகைவண்டி நிலையத்தின் சுவர்கள், தோழர்களே!

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி வண்டியேறிக் கொழும்பு சேர்ந்தார். ஒரே சீட்டு! போட் மெயிலில் துரைமார் போயினர், சீமான்கள் போயினர். அதே தடத்தில் இன்னொரு கூட்டமும் போயிற்று. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகிக் கழுத்தை இறுக்க, மண்டபம் முகாமில் அடைபட்டு, ஊசி குத்தப்பட்டு, தேயிலைக் காட்டுக்குப் போன நம் பாட்டாளிகள்! வரலாறு எழுதுவோர் துரைமாரின் மெத்தையை மறப்பதில்லை. இந்தக் கூட்டத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு! அந்த மக்களைக் கேட்டார்களா? இல்லை. இரண்டு மாதம் கழியவில்லை, டிசம்பர் 22 நள்ளிரவில் புயல். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி நிலையத்தை எட்டுமுன்பே அலை வாரிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வண்டியில் பணியிலிருந்த ரயில்வே தோழர்களும் அவர்களில் உண்டு. பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள், பாராட்டுவோம். தனுஷ்கோடியோ வாழத் தகாத ஊர் என்று கைவிடப்பட்டது. பாட்டன் கப்பலேறிய துறை அழிந்தது. திருப்பி அனுப்பப்பட்ட பேரன் இராமேசுவரத்தில் வந்து இறங்கினான்.

2019 மார்ச்சில் புதுத் தடத்துக்கு அடிக்கல் நாட்டினர். வண்டி வரவில்லை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப்பாலம் திறந்தனர். தடம் இராமேசுவரத்தோடு நிற்கிறது. அந்த மணல் திட்டில் மீண்டும் இரும்பைப் போடுவது அறிவுடைமையா என்ற ஐயம் நமக்கு உண்டு. அது தனி வழக்கு. நிற்கிற சுவருக்கு அடிக்கல் விழா வேண்டாம். உப்புக் காற்று அரிக்காமல் காக்கத் தெரிந்த கொத்தனார் நால்வர் போதும்.

புதிதாகக் கட்டி வண்ணம் அடித்துவிடாதீர். இடிந்தது இடிந்தபடியே நிற்கட்டும். பாதுகாப்பு என்ற பெயரில் மீனவர் குடிசையிலும் சங்கு விற்போர் கடையிலும் கை வைக்காதீர். தமிழில் ஒரு பலகை வையுங்கள். அதில் தோட்டத் தொழிலாளி போன கதை இருக்கட்டும். மாண்ட ரயில்வே ஊழியர் பெயர்களை, பழைய ஏடுகளைப் புரட்டித் தேடி, அந்தப் பலகையில் பொறிக்கட்டும் தெற்கு ரயில்வே.

இராமநாதபுரம் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கி, ரயில்வேக்கு ஒரு படியும் கோட்டைக்கு ஒரு படியும் அனுப்ப வேண்டுகிறோம்.