மல்லாரியும் மின்சார மேளமும்

உயர்ந்த சங்கீதத்தில் ஒருவனுக்கு ருசி பிறக்கவேண்டுமானால், அவன் காதில் முதன்முதல் விழவேண்டிய உருப்படி எது என்னும் விவகாரம் நம்மவர் கூடுமிடங்களில் அடிக்கடி எழுகின்றது. வர்ணம் என்பார் ஒருவர். தெலுங்குக் கீர்த்தனங்கள் நாலைந்து காதில் ஊறினாலன்றி ராகம் பிடிபடாது என்பார் மற்றொருவர். மார்கழி மாதத்தில் ஒருமுறையேனும் சென்னைக்கு விமானமேறிச் சென்று சபாக்களில் உட்கார்ந்து வாராதவனுக்கு இந்தப் பேச்சே எதற்கு என்று உதட்டைப் பிதுக்குவார் மூன்றாமவர். இவர்கள் மூவரும் சங்கீத அபிமானிகளே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், சங்கீதத்திற்கு ஒரு வாசற்படியைக் கட்டி, அதன்மேல் தாங்கள் நின்றுகொண்டு, கீழே நிற்பவனைப் பார்த்து உனக்குக் காது இல்லை என்று சொல்லும் அபிமானத்தை நாம் ஏற்பதற்கில்லை.

செந்தூல் வாசிக்கும், தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்கும் முதல் உருப்படி சபாவில் கிடைத்ததன்று, வீதியில் கிடைத்தது. அதன் பெயர் மல்லாரி. பெயர் தெரியாமலே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

மல்லாரியாவது யாது? சுவாமி புறப்படும்போது நாகசுரமும் தவிலும் சேர்ந்து எழுப்பும் இசை அது. பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் அமைவது. ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. ஒரே உருவை முதலில் யானை நடையாய் நிறுத்தி வாசித்து, பிறகு இரட்டித்து, மறுபடியும் இரட்டித்து மூன்று காலங்களிலும் காட்டுவார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்திற்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று வேளைக்கு ஏற்ற வகைகள் உண்டு. சொல்லே இல்லாத உருப்படியாதலின், தெலுங்கா, தமிழா, வடமொழியா என்ற வழக்கு அதனிடம் செல்லாது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்த வழக்கு நியாயமான வழக்கே. தமிழன் முன்னிலையில் தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தள்ளிவைப்பது அவமதிப்பு என்பதில் நாம் இன்றும் உறுதியாயிருக்கிறோம். ஆயினும், அந்த வழக்குத் தீர்வதற்கு வெகு காலம் முன்பே வீதியில் நின்றவன் காதிலே ராகம் புகுந்துவிட்டது.

நமக்குப் பள்ளியில் கற்பித்த மொழி ஆங்கிலம். ராகங்களின் பெயர்களை நாம் முதலில் வாசித்ததுகூட ஆங்கில எழுத்திலேதான். ஆனால் காது அதற்கு முன்பே படித்துவிட்டிருந்தது. தைப்பூசத்தை ஒட்டி, மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் வெள்ளி இரதம் இரவில் ஈப்போ ரோடு வழியே செந்தூலை உரசிக்கொண்டு போகும். ஏழெட்டு வயதில் அந்தத் தெருவோரத்தில், தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தவில்காரர் காலத்தை இரட்டித்த அந்தக் கணத்தில் உடம்பெங்கும் மயிர்க்கூச்செறிந்தது இன்றும் நினைவிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, கம்பீர நாட்டையில் ஒருவர் பாடக் கேட்டபோது, இது நம்முடைய தேர் அல்லவா என்று மனம் துள்ளியது. ராகத்தின் பெயரை அறிவிப்பாளர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

தோட்டத்தில் நம் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களிற் பலர் 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தைச் சொல்லுவார்கள். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் சிங்கார வேலனே தேவா பாட்டை வானொலியில் கேட்டு மெய்ம்மறந்தவர்கள் அவர்கள். அது ஆபேரி என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பால்மரம் சீவிய கைகள் அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டன. அந்தக் காதுகளைக் கோவில் மேளம் முன்னமே பண்படுத்தி வைத்திருந்தது என்பது நம் துணிபு.

நிற்க. இந்தச் செல்வத்தை நமக்கு அளித்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள்? தமிழ்நாட்டில் நாகசுரக்காரர் சட்டை போடக்கூடாது, தோளில் துண்டு இருக்கக்கூடாது, நின்றே வாசிக்கவேண்டும் என்று கட்டுப்பாடு செய்தவர்கள் இருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, கோட்டு அணிந்து, மேடையேறி உட்கார்ந்து வாசித்து அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தார். அவருடைய தோடியைக் கேட்ட பிறகு, நாகசுரம் மேடைக்கு ஏற்றதன்று என்று வாய் திறக்க எவருக்கும் துணிவு வரவில்லை. ஷேக் சின்ன மௌலானா (1924–1999) இஸ்லாமியர். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து நாகசுரம் வாசித்தார். குலமும் மதமும் குறுக்கே நிற்காத வாத்தியம் இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இப்பொழுது நம் கோவில்களின் நிலையைப் பாருங்கள். சிலவற்றில் மின்சார மேளம் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஒரு மோட்டார் சுழன்று, கோல் முரசில் விழுகிறது, மணி ஆடுகிறது, தாளம் தட்டுகிறது. அதற்குத் தெரிந்த காலம் ஒன்றே ஒன்று. மூன்று காலத்தையும் காட்டும் மல்லாரி முழங்கிய இடத்தில் ஒரே காலத்தை மட்டும் அறிந்த இயந்திரம் நின்று இரைகிறது. நிர்வாகிகள் கைகூப்பி நிற்கிறார்கள்! வேறு சில கோவில்களில் மேளக்காரர் இருக்கிறார். ஆனால் அவர் முகத்துக்கு நேரே ஒலிபெருக்கிக் குழாய். திறந்த வெளியில் நெடுந்தூரம் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட வாத்தியம் நாகசுரம். சீவாளியின்மேல் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் சுரத்தை இழைத்து இழைத்துக் காட்டுவது அதன் உயிர். அதை ஒலிபெருக்கியில் கொடுத்து அலறவிட்டால் இழைப்புப் போய் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கேட்ட குழந்தை காதைப் பொத்திக்கொள்கிறது. பிறகு அதே குழந்தையைக் குறித்து, இவனுக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று வருத்தப்படுகிறோம்!

உறுமி மேளத்தை நாம் இழித்துரைப்பதாக யாரும் எண்ணவேண்டாம். காவடிக்கு உறுமி உரியது. அதுவும் உழைத்த மக்களின் கையிலிருந்து பிறந்ததே. நம் பகை மனிதனின் கையை வேண்டாமென்று தள்ளிய பொத்தானோடுதான்.

அண்மையில் ஒரு தோட்டத்துக் கோவில் திருவிழாவில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். சுவாமி புறப்படும் வேளை; நாகசுரக்காரர் மல்லாரியின் முதற்காலத்தை எடுத்தார். அரை நிமிஷம் ஆகவில்லை. உபயகாரர் பெயர்களை வாசிக்கவேண்டும் என்று கையசைத்து நிறுத்திவிட்டார்கள். பெயர் வாசிப்பு இருபது நிமிஷம் நடந்தது. அதன்பின் சினிமாப் பாட்டு ஒலிபரப்பில் சுவாமி புறப்பட்டார். மேளக்காரர் வாத்தியத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பணமில்லை என்பார்கள். நாம் தோட்டத்துக் கிராணி. வரவு செலவு எழுதியே வயிறு வளர்ப்பவர்கள். பந்தலுக்கும், வண்ண விளக்குக்கும், பிரமுகர்க்கு மாலைக்கும், பொன்னாடைக்கும் பற்றெழுதும் அதே கணக்குப் புத்தகத்தில் மேளத்திற்கு மட்டும் பணமில்லாமற் போவது எப்படி? ஆள் இல்லை என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வரவழைக்கப்படுபவரையே நம்பியிருந்தால், பெர்மிட்டு நின்றவுடன் மேளமும் நின்றுபோகத்தான் செய்யும். நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் என்ன? பியானோவில் இலண்டன் பரீட்சைக்குப் படிப்படியாகப் பணம் கட்டுகிறோம். அதைக் குறை சொல்லவில்லை, பியானோ நல்ல வாத்தியம். பெண்ணின் நடன அரங்கேற்றத்திற்குக் கடன் வாங்குகிறோம். நாகசுரம் கற்கிறான் என்றால் மட்டும், அது இன்ன சாதியார் தொழில் என்று முகம் சுளிக்கிறோம். சுயமரியாதை பேசும் வீடுகளிலும் இந்தச் சுளிப்பை நாம் கண்டதுண்டு.

செந்தூலில் பழைய இரயில்வே பட்டறை வட்டாரத்தில் 2005ஆம் ஆண்டு முதல் அழகான கலை அரங்கம் ஒன்று நடக்கிறது. நல்லது, வாழ்க. ஆனால் அதனுள் நுழையச் சீட்டு வேண்டும்; வேலை முடிந்து வியர்வையோடு வந்தவன் அந்த வாசலில் தயங்குகிறான். வீதியில் வந்த மல்லாரிக்கு முன் யாரும் தயங்கியதில்லை.

ஆகவே கோவில் நிர்வாகிகளுக்கு நம் விண்ணப்பம் இது. வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: திருவிழாவன்று சுவாமி புறப்படுமுன் கால்மணி நேரம் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவது, மேளக்காரருக்கு ஆசனமும், சொன்ன கூலியைச் சொன்ன நாளில் கொடுப்பதும், உபயகாரர் பெயர்களைப் பலகையில் எழுதிவைப்பது, குழந்தைகளை முன்வரிசையில், தவிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்துவது. மின்சார மேளத்தை என்ன செய்வது என்று கேட்பீர்களாயின், பழைய இரும்பு வாங்குபவர் செந்தூலிலேயே இருக்கிறார்.