விடுதி மதிலுக்கு வெளியேயும் சோறு உண்டு

2024 ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் குடும்பத்தினருடன் பாசிக்குடாவில் இரண்டு நாட்கள் தங்கினேன். போர் முடிந்த 2009 இற்குப் பின்னர் அக்கடற்கரையில் எழுந்த உல்லாச விடுதிகளுள் ஒன்று அது. இரவுணவு மேசையில் பஸ்ரா இருந்தது, பீட்சா இருந்தது. மட்டக்களப்புக் கடலின் மீனும் இருந்தது. ஆனால் உப்பும் உறைப்பும் நீக்கப்பட்டு, வெண்ணெயில் வாட்டப்பட்டு, பிறந்த ஊரை மறந்ததுபோற் கிடந்தது. பிட்டும் மீன் குழம்பும் கிடைக்குமா என்று பரிமாறிய இளைஞரிடம் கேட்டேன்.

“அது எங்களுக்கு ஆக்குறது ஐயா. இங்க தங்குற ஆக்களுக்கு வைக்கிறதில்ல” என்றார்.

நமது உல்லாசப் பயணத்துறை தன் சொந்த நாட்டை எவ்வாறு மதிக்கிறது என்பதை அறிய, இதற்குமேல் ஓர் ஆய்வறிக்கை வேண்டியதில்லை. இந்த மண்ணின் உணவு வேலையாட்களுக்கு உரியது, விருந்தாளிக்கு உரியதன்று. காலனித்துவ துரைமாரின் பங்களாக்களில் நிலவிய அதே ஒழுங்கு, இன்று நட்சத்திரக் குறிகளுடன் திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் மதியம் ஓட்டமாவடியில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடைக்குப் போவோம் என்றேன். “பிள்ளைகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது அண்ணா” என்றாள் தங்கை. புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் நான் கேட்டுச் சலித்த வாக்கியம் இது. அச்சம் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அச்சம் இடம் மாறி அமர்ந்திருக்கிறது. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும்போதுதான் கிருமிகள் பெருகுகின்றன. கண்ணெதிரே கொதிக்கும் தட்டில் கொத்தப்படும் ரொட்டியைவிட, விடுதி மேசையில் நெடுநேரம் காத்திருக்கும் உணவே அதிக ஐயத்துக்குரியது. சனம் நிறைந்த கடையில், சுடச்சுட இறக்கிய உணவை உண்ணுங்கள். வெட்டி வைத்த பழத்தையும் ஐஸ் கட்டியையும் தவிருங்கள். குடிநீரைப் போத்தலில் வாங்குங்கள். எச்சரிக்கை என்பது இதுதான். மதிலுக்குள் ஒடுங்கியிருப்பது எச்சரிக்கையன்று.

2024 இல் இலங்கைக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தனர். அரசு தலைகளை எண்ணுகிறது, டொலர்களை எண்ணுகிறது. அந்தப் பணத்தில் எவ்வளவு தெருவோரத் தேநீர்க் கடைக்கும் அப்பம் சுடும் பெண்ணுக்கும் போய்ச் சேர்கிறது என்று எண்ணுவோர் யார்? விடுதிகள் வேலைவாய்ப்புத் தருகின்றன, அதை மறுக்கவில்லை. ஆயினும் மூன்று வேளை உணவையும் முன்கூட்டியே விற்றுவிடும் விடுதி, பயணியை வாசலுக்கு வெளியே விடாத விடுதியாகும். 2022 இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இன்றி அடுப்பு அணைந்து, பின்னர் கடன்பட்டு மீண்டும் மூட்டிய சிறு கடைக்காரருக்கு அந்த டொலர் வெறும் செய்தி மட்டுமே.

கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில், கொத்து ரொட்டிக்கும் வடைக்கும் வெளிநாட்டவரிடம் அநியாய விலை கேட்கும் காணொளிகள் உலகமெங்கும் பரவின. ஒருசிலரின் பேராசை ஓராயிரம் நேர்மையான கடைகளின் பெயரைக் கெடுத்தது. விலைப்பட்டியலைப் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. காணொளி பரவிய பின்னர் மட்டும் விழித்துக்கொள்ளும் அதிகாரிகள், மற்றைய நாட்களில் எங்கே இருக்கிறார்கள்? வட மாகாணத்தில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைப் பாருங்கள். குறைந்த விலை, கண்முன்னே சமையல், உள்ளூர்த் தானியம். செய்ய முடியாத காரியம் எதுவும் இல்லை.

ஓட்டமாவடியில் சோறு, மீன் குழம்பு, பருப்பு, கீரைச் சுண்டல், அப்பளம். ஐந்து பேர் வயிறாற உண்டோம். விடுதியில் ஒருவருக்கான இரவுணவின் விலைகூட ஆகவில்லை. கடைக்காரர் கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். தங்கையின் மகள், “அம்மம்மாவின் கறி மாதிரி இருக்கு மாமா” என்றாள். ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை.

முதுகுப் பையுடன் வரும் ஜேர்மனிய இளைஞன் கொத்துக் கடையைத் தேடி அலைகிறான். பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரிந்த, மொழி தெரிந்த, அந்த உணவின் மணத்திலேயே வளர்ந்த நம்மவர் மதிலுக்குள் பஸ்ரா உண்கிறார்கள். இதற்குத்தானா இத்தனை ஆயிரம் மைல் பறந்து வருகிறீர்கள்?

அடுத்த முறை வரும்போது, வேலையாட்களுக்கு ஆக்கும் சோற்றைக் கேளுங்கள். தர மறுத்தால், வாசலைத் தாண்டி நடவுங்கள். சோறு வெகுதூரத்தில் இல்லை.