வாழ்ந்து காட்டியவர்கள்: ராஜேஸ்வரி சண்முகம்



சென்ற மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, மகளை நாடகப் போட்டிக்கு அனுப்பச் சொல்லி ரீச்சர் கேக்கிறா. தகப்பன் இல்லாத பிள்ளை. ஊர் என்ன கதைக்கும்?" அவருக்குச் சொன்னதையே இம்முறை உங்களுக்கும் எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். இலங்கை வானொலியின் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குரல் நாடகத்தில் பிறந்தது என்பது சிலருக்குத் தெரியாதிருக்கலாம்.

பாடசாலை நாடகத்தில் கண்ணகியாக நடித்த சிறுமி அவர். 1952இல் மலையக எழுத்தாளர் என். எஸ். எம். ராமையாவின் 'விடிவெள்ளி' நாடகத்தின் மூலம் வானொலிக்கு வந்தார். பெண் பிள்ளை மேடையேறுவதைப் பலர் குறைவாகப் பார்த்த காலம் அது.

வானொலி நடிப்பு இலேசான வேலையல்ல. கையில் பிரதி இருக்கும். தாள் புரளும் சத்தம் ஒலிவாங்கியில் விழக்கூடாது. முகபாவமும் உடுப்பும் உதவாது. அழுகை, கோபம், முதுமை எல்லாமே குரலில் தெரிய வேண்டும். வானொலி நாடகத் தயாரிப்பாளர் 'சானா' சண்முகநாதன் போன்றோர் அந்தக் கலையை வளர்த்த நாட்கள் அவை. அவரது கணவர் சி. சண்முகமும் நாடக எழுத்தாளர்.

1969இல்தான் அவர் அறிவிப்பாளரானார். முதல் நாடகத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், 17 ஆண்டுகள்! அத்தனை காலமும் பழகிய உச்சரிப்பும் நிதானமும்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. பெண்களுக்கான 'பூவும் பொட்டும்' நிகழ்ச்சியைப் பலர் இன்றும் சொல்வார்கள். 2012 மார்ச்சில் அவர் மறைந்தார்.

சகோதரிகளே, பிள்ளையின் திறமையை நம்புவது வேறு, கவனமில்லாமல் விடுவது வேறு. பழக்குபவர் யார், ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், யாரோடு வீடு திரும்புவாள் என்று கேளுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். ஊரின் கதைக்கு மட்டும் பயந்து மறிக்காதீர்கள்.

அந்தத் தாயின் மகள் இப்போது ஒத்திகைக்குப் போகிறாள். தாய் பாடசாலை மதிலோரம் பாய் இழைத்தபடி காத்திருக்கிறார். போன கிழமை சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவளின்ரை வசனம் எல்லாம் எனக்கும் பாடம், தங்கச்சி."