பல்லவியைக் கேட்டவர்களும் பாதி சரிதான்

அமெரிக்காவில் ஜூலை 4 வாணவேடிக்கையின்போதும் அரசியல் கூட்டங்களிலும் ஒலிக்கிற பாட்டு, ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' அதைப் பற்றி 40 ஆண்டுகளாக ஒரு கதை உலவுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பி, வேலை கிடைக்காமல் அலைகிற ஒருவனின் ஆற்றாமையைச் சொல்லும் பாட்டு அது. சரணங்களைக் காதில் வாங்காத தேசபக்தர்கள் பல்லவியை மட்டும் கேட்டு ஏமாந்தார்கள். அதில் முதல் ஆள் அன்றைய அதிபர் ரொனால்ட் ரீகன். சொல்லச் சுவையான கதைதான். எல்லோருக்கும் தப்பியது எனக்குப் பிடிபட்டது என்ற திருப்தியும் சொல்பவருக்குச் சேர்ந்தே கிடைக்கிறது. ஆனால் பாட்டு உருவான விதத்தைப் பார்த்தால், இந்தக் கதையைச் சொல்பவர்களும் அதைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஸ்பிரிங்ஸ்டீன் போருக்குப் போனவரல்ல. மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் தப்பியவர். அவருடைய இளமைக்கால இசைக்குழுவில் டிரம் வாசித்த இளைஞர் 1967-ல் வியட்நாமில் கொல்லப்பட்டார். போரில் முடமாகி, பிறகு போரை எதிர்த்து எழுதிய ரான் கோவிக்கின் நூலைப் படித்து, அவரையும் முன்னாள் வீரர்களின் சங்கத்தை நடத்திய பாபி முல்லரையும் சந்தித்த ஸ்பிரிங்ஸ்டீன், 1981 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் அந்தச் சங்கத்துக்காக நிதி திரட்டும் கச்சேரி நடத்தினார். அதே ஆண்டில் 'வியட்நாம்' என்ற பெயரில் ஒரு பாட்டையும் எழுதத் தொடங்கியிருந்தார். அந்தப் பாட்டுக்கு இன்றைய தலைப்பு வேறு இடத்திலிருந்து வந்தது: இயக்குநர் பால் ஷ்ரேடர் அனுப்பிய திரைக்கதையின் அட்டையில் இருந்த பெயர் அது. 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், நான்கு தட ஒலிநாடாக் கருவியில் கிதாருடன் தனியாகப் பாடிப் பதிந்தார். அப்போது பதிந்தவற்றில் பெரும்பகுதி 'நெப்ராஸ்கா' தொகுப்பாக வந்தது. இந்தப் பாட்டு அதில் சேரவில்லை. சில மாதங்களில், நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக் கூடத்தில், ராய் பிட்டன் சின்தசைசரில் ஒரு சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மேக்ஸ் வைன்பெர்க் டிரம்மில் இடி இடிக்க, குழு முழுவதும் சேர்ந்து பதிந்த வடிவம்தான் 1984 ஜூனில் வெளியாகி உலகைச் சுற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஜனவரிப் பதிவை யாரும் கொண்டாட்டப் பாட்டு என்று தவறாக எடுத்துக்கொள்ள முடியாது. முனகலும் இருட்டுமாக இருக்கிறது. குழப்பத்துக்கு இடம் தராத வடிவத்தைக் கையில் வைத்திருந்தவர், ஏறத்தாழ அதே வரிகளுக்கு ஆர்ப்பரிக்கும் இசையைத் தேர்ந்தெடுத்தார். ஏன்? சரணங்களில் நடப்பதைப் பாருங்கள். ஊர் திரும்பியவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறான். ஆள் எடுப்பவர், முடிவு தன் கையில் இல்லை என்று நழுவுகிறார். முன்னாள் வீரர்களின் நலத்தைக் கவனிக்கும் அதிகாரியிடம் போனால் அங்கும் கைவிரிப்புதான். கே சான் போரில் சகோதரனை இழந்திருக்கிறான். மிச்சம் ஒரு புகைப்படம். பத்தாண்டுகள் கழித்தும் போக இடமில்லை. எல்லாம் பறிபோனவனிடம் பறிக்க முடியாமல் எஞ்சியிருப்பது, தான் இந்த மண்ணில் பிறந்தவன் என்கிற ஒரே உரிமை. அதைத்தான் அவன் பல்லவியில் உரக்கச் சொல்கிறான். முனகினால் அது புலம்பல். முழங்கினால் பாக்கியைக் கேட்கிற குரல். தன் பாடல்களில் அன்றாடத்தின் வலி சரணத்திலும் நம்பிக்கை பல்லவியிலும் இருப்பதாக ஸ்பிரிங்ஸ்டீனே 2005-ல் ஒரு வானொலிப் பேட்டியில் விளக்கியிருக்கிறார். ஆக, பல்லவியில் பெருமிதத்தைக் கேட்டவர்கள் இல்லாததைக் கேட்கவில்லை.

ஏமாந்தவர்களாகச் சொல்லப்படுகிறவர்களையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். 1984 செப்டம்பரில் பத்தி எழுத்தாளர் ஜார்ஜ் வில், கச்சேரிக்கு நேரில் போய்வந்து ஸ்பிரிங்ஸ்டீனைப் புகழ்ந்து எழுதினார். மூடப்பட்ட ஆலைகளைப் பற்றிய வரிகளை அவர் தவறவிடவில்லை. அந்தப் பத்தியிலேயே குறிப்பிடுகிறார். ஆனால் ஒவ்வொரு துயரத்துக்குப் பின்னும் ஓர் உற்சாக முழக்கம் வருவதால் துயரம் கணக்கில் சேராது என்பதுபோல் எடுத்துக்கொண்டார். அமெரிக்கத் தொழிலாளர்களும் நிர்வாகங்களும் இந்தக் குழுவைப்போல் உழைத்தால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பே தேவைப்படாது என்று அறிவுரை வேறு. ஆலையே மூடிக் கிடக்கும்போது எங்கே போய் உழைப்பது என்பதை அவர் சொல்லவில்லை. சில நாளில் நியூ ஜெர்சியின் ஹாமண்டன் நகரில் பேசிய ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களில் நம்பிக்கை இருப்பதாகப் பொதுவாகத்தான் சொன்னார். இந்தப் பாட்டின் பெயர் அந்தப் பேச்சில் இல்லை. பிட்ஸ்பர்க் கச்சேரியில் அதைக் கிண்டலடித்த ஸ்பிரிங்ஸ்டீன், ஆலை மூடியதால் வேலையிழந்து கொலைகாரனாகும் ஒருவனைப் பற்றிய 'ஜானி 99'-ஐப் பாடினார். செவிடர்களுக்கும் விவரம் தெரிந்தவர்களுக்கும் நடந்த சண்டை அல்ல அது. பெருமிதம் யாருக்குச் சொந்தம், ஆள்பவருக்கா, ஆளப்பட்டு ஏமாந்தவருக்கா என்கிற சண்டை.

பல்லவி வெறும் குத்தல்தான், எதிர்ப்புப் பாட்டில் பெருமிதத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். குத்தல் மட்டும் என்றால் பாட்டின் நாயகன் தன் நாட்டைக் கைகழுவியவனாகிவிடுவான். கைகழுவியவன் ஏன் வேலை கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான்? இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: அட்டைப்படத்திலும் மேடையிலும் கொடியை விரித்து, ஒரே தொகுப்பிலிருந்து ஏழு பாடல்களை அமெரிக்கப் பட்டியலின் முதல் பத்துக்குள் ஏற்றியவர், இந்தத் திரிபினால் லாபம் பார்த்தவர்தானே? உண்மைதான், அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க நான் தயாரில்லை. ஆனால் கிரைஸ்லர் கார் நிறுவனம் பெருந்தொகையுடன் விளம்பரத்துக்குக் கேட்டபோது அவர் மறுத்ததையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பிற்காலத்தில் அவர் தனிக் கிதாருடன் இதைப் பாடத் தொடங்கினார். 2017 பிராட்வே மேடையிலும் அப்படித்தான். இப்போது யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். தெளிவு கூடியிருக்கிறது, பாட்டு சுருங்கிவிட்டது. பழைய பதிவில் கூட்டமே அவனோடு சேர்ந்து உரிமை கேட்டது; இதில் அவன் தனியாள். 1982-ன் வீட்டுப் பதிவு 1998-ல் வந்த 'டிராக்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். அடுத்து, குழுவோடு பதிந்ததை, டிரம் அதிரும் அளவுக்குச் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.