மனோராவுக்கு வரும் விருந்தினர்

நெப்போலியனின் தோல்வியை நினைவுகூர்ந்து இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோட்டை, மல்லிப்பட்டினம் அருகே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் எதிரே பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இத்தகையது இதுவே முதல்.

கோட்டையும் கடற்பசுவும் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும், வரட்டும். ஆனால் எந்தப் படகில்? ஆழம் குறைந்த இக்கடலில் வேகப்படகின் சுழல்விசிறி கடற்புல்லை அறுத்துவிடும். நங்கூரம் வேரோடு பிடுங்கும். கடற்பசுவுக்கு அந்தப் புல்தான் உணவு. அது கூச்சமுள்ள உயிர் என்பதால், நேரில் காட்டுவதாக யாரும் வாக்களிக்கக் கூடாது.

வலையில் சிக்கிய கடற்பசுவை, வலையையே அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் இக்கரையில் உண்டு. வழிகாட்டும் தகுதி அவர்களைவிட யாருக்கு இருக்கிறது? படகோட்டும் உரிமம் முதலில் உள்ளூர் நாட்டுப்படகுக்காரர்களுக்கே கிடைக்க வேண்டும். விருந்தினருக்கான மீன்குழம்புச் சாப்பாடு உள்ளூர்ப் பெண்களின் குழுக்கள் வசம் இருக்கட்டும். வலை உலர்த்தும் மணலில் விடுதிச் சுவர் எழவே கூடாது. நுழைவுக் கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு பங்கு என்பதை, முதல் பேருந்து வந்து நிற்கும் முன்பே கிராமசபையில் வைத்து முடிவுசெய்ய வேண்டும்.