தடுமாறாத விமானி

சோதனைக்கு உண்மையான சர்வர் இல்லையென்றால், கேட்டதற்கெல்லாம் 'ஓகே' சொல்லும் ஒரு பொம்மையை அங்கே வைப்போம். 'மாக்' என்று பெயர். டெஸ்ட் பாஸாகிவிடும். ஆனால் சர்வரைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது. விமானத் துறையில் மனிதனுக்கே இப்படியொரு மாக் செய்துவிடக் கூடாது என்பதுதான் என் சண்டை.

விமானிக்குப் பதிலாக மென்பொருள் முகவரை உட்காரவைப்பது புதுசு இல்லை. நாசாவின் ஏம்ஸ் மையம் 1980களிலேயே மைடாஸ் திட்டத்தைத் தொடங்கியது. கண் எங்கே போகிறது, நினைவில் எவ்வளவு நிற்கிறது, வேலை எப்போது தலைக்குமேல் ஏறுகிறது என்று காக்பிட்டைக் கட்டும் முன்பே கணக்குப் போடும் முயற்சி. நல்ல முயற்சிதான். உயிருக்கு ஆபத்தில்லாமல் ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம். யாரை வைத்து?

2009 ஜனவரியில் ஹட்சன் நதியில் இறங்கிய ஏர்பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணையின்போது சிமுலேட்டரில், என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்த விமானிகள் உடனே திரும்பினார்கள். 15 ஓட்டங்களில் 8 ஓடுதளத்தை எட்டின. நிலைமை புரிந்து முடிவெடுக்க 35 விநாடி சேர்த்து ஓட்டியபோது எட்டவில்லை. அந்த 35 விநாடிதான் சார் மனுஷன்.

போயிங் 737 மேக்ஸில் அந்த விநாடிகளைத்தான் சுருக்கினார்கள். எம்காஸ் தப்பாக மூக்கைக் கீழே தள்ளினால் விமானி சில விநாடிகளில் சரிசெய்வார் என்பது அனுமானம். சிமுலேட்டரிலும் மூக்கு இறங்குவதை மட்டும் காட்டினார்கள். சென்சார் கெட்டால் கூடவே வரும் எச்சரிக்கைகள் அங்கே இல்லை. நிஜத்தில் கட்டுப்பாட்டுத் தண்டு உதறியது, வேகமானிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள். 346 பேர்.

அங்கே முகவர்கூட இல்லை, வெறும் அனுமானம். நாளைக்கு அதே அனுமானம் கோடுக்குள் போய் உட்கார்ந்தால், அதற்கு 'ஏஐ சரிபார்த்தது' என்று மரியாதை வேறு கிடைக்கும். குழப்பம், பயம், சக விமானியோடு பேசும் நேரம் எல்லாம் மாதிரிக்குள் இருக்க வேண்டும். விமானத்தை விற்பவரே விமானியையும் எழுதக் கூடாது. எழுதிய அனுமானங்களை வெளியார் படிக்க முடிய வேண்டும்.

எங்கள் முகவர் லட்சம் முறை பத்திரமாகத் தரையிறக்கியது என்று யாராவது பெருமை பேசினால், ஒன்று மட்டும் கேளுங்கள்: அதற்கு எத்தனை முறை குழம்பியது?